ஹவுரா பாலத்தைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்

ஹவுரா பாலம் என்றதும் நம் ஆட்கள் முதலில் சொல்வது, "ஒரு நட்டு போல்ட்கூட இல்லாமல் கட்டினது" என்பதுதான். உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துப் பெரிய இரும்பு வேலைகள் பலவும் ரிவெட், அதாவது முனையை அடித்து நசுக்கி இறுக்கும் இரும்பு ஆணி, அடித்துச் சேர்த்தவையே. ஈஃபில் கோபுரமும் அப்படித்தான். அந்த ஒரு வரியோடு இந்தப் பாலத்தின் கதையை முடித்துவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

கொல்கத்தா போயிருந்தபோது ஹவுரா ஸ்டேஷனில் இறங்கி, டாக்சி பிடிக்காமல் நடந்தே அக்கரைக்குப் போனேன். நடைபாதை முழுக்க, தலையில் சாமந்தி மாலைகளைச் சுமந்துகொண்டு மல்லிக் காட் பூச்சந்தைப் பக்கமிருந்து வருகிறவர்கள். நடுப்பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. கரைக்கு ஒன்றாக இரண்டு கோபுரங்கள், இடையே 457 மீட்டர். நாம் நடக்கும் தளம், மேலேயுள்ள இரும்புச் சட்டகத்திலிருந்து 39 ஜோடி இரும்புத் தண்டுகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பஸ் போனால் காலடியில் அதிர்வு தெரியும்.

இதற்கு முன்னால் 1874 முதல் அங்கே இருந்தது மிதவைப் பாலம். ஸ்டீமர் வந்தால் நடுப்பகுதியைக் கழற்றி வழிவிட வேண்டும். அதுவரை வண்டிகள் காத்துக் கிடக்கும். அந்த அவஸ்தையெல்லாம் போதும் என்றுதான் இந்தப் பாலம்.

1936-ல் வேலை ஆரம்பித்தது. பாதியில் உலகப்போர் வந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய இரும்பு போருக்குப் போய்விட்டது. மொத்தம் தேவைப்பட்ட 26,500 டன்னில் சுமார் 23,000 டன்னை டாடா ஆலைதான் கொடுத்தது. கட்டிய பாலத்தின் மேலேயே கிரேன்கள் ஊர்ந்து ஊர்ந்து இரண்டு கரையிலிருந்தும் நடுவை நோக்கி வந்தன. கடைசியில் இரண்டு பாதிகளையும் இணைக்க, தலா 800 டன் தாங்கும் 16 ஹைட்ராலிக் ஜாக்கிகள் வேண்டியிருந்தது. இதையல்லவா நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்?

1943 பிப்ரவரி 3-ல் திறந்தபோது விழா கிடையாது. ஜப்பான் விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டிருந்த நேரம் அது. ராத்திரியில் ஒற்றை டிராம் வண்டியை விட்டுத் திறந்துவிட்டார்கள். 1965-ல் ரவீந்திர சேது என்று பெயர் மாற்றினார்கள். ஊரார் வாயில் இன்னும் ஹவுரா பிரிட்ஜ்தான்.

அப்புறம், எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம் ஒன்று. அந்தத் தண்டுகளின் அடிப்பாகத்துக்குப் போட்டிருந்த இரும்பு உறைகள், சில வருஷங்களிலேயே 6 மில்லிமீட்டர் கனத்திலிருந்து பாதியாகத் தேய்ந்துபோயின. காரணம், வெற்றிலை, குட்கா எச்சில்! சுண்ணாம்பும் மற்றதும் சேர்ந்து இரும்பை அரித்துவிட்டன. கடைசியில் ஃபைபர்கிளாஸ் உறை மாட்ட வேண்டியதாயிற்று. போர்க்காலத்தில் அத்தனை பாடுபட்டுக் கட்டியதை நாம் துப்பியே கரைப்பதா?

துப்பாதே என்று மிரட்டினால் மட்டும் போதாது. நான் நடந்த வழியில் பாலத்தின் கதை சொல்லும் பலகை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தினமும் லட்சக்கணக்கானோர் நடக்கும் பாதை அது. அந்தத் தண்டுகளுக்குப் பக்கத்திலேயே வங்காளத்திலும் இந்தியிலும் நாலு வரி எழுதி வைக்கட்டும்: இரும்பு எங்கிருந்து வந்தது, இந்தத் தண்டு எதைத் தாங்குகிறது என்று. படிக்கிறவர்கள் நிச்சயம் படிப்பார்கள்.