டெக்சாஸ் எறும்புகள் நெல் விதைக்கின்றனவா?

“டெக்சாஸில் ஒருவகை எறும்பு புல்லை விதைத்து, களை பறித்து, அறுவடை செய்கிறது, டார்வினே நிரூபித்தது” என்ற தகவல் சுற்றிவருகிறது. முடிவு தவறு.

இந்தத் தகவலைத் தொடங்கிவைத்தவர் கிடியன் லின்செகம் (1793–1874). பள்ளியில் ஐந்தே மாதம் படித்தவர். மருத்துவத்தைத் தானே கற்றார். மூலிகைகளைச் சோக்டா பழங்குடி வைத்தியர் ஒருவரிடம் அறிந்தார். 1848இல் டெக்சாஸின் லாங் பாயின்ட்டில் குடியேறி எறும்புகளைக் கவனித்தார். அவர் எழுதியதை டார்வின் 1861இல் லண்டனிலுள்ள இயற்கை ஆய்வாளர் அமைப்பான லின்னேயன் சங்கத்தில் முன்வைத்தார். முன்வைத்தாரே தவிர, எதையும் நிரூபிக்கவில்லை.

லின்செகம் கண்ணால் கண்டது பெரும்பாலும் சரி. அறுவடை எறும்புகள் புற்றைச் சுற்றி வட்டமாகச் செடிகளை வெட்டி வெறுந்தரையாக்கும், விதைகளை உள்ளே சேமிக்கும். வட்டத்தின் ஓரத்தில் ‘எறும்பு நெல்’ எனப்படும் அரிஸ்டிடா புல் வளர்வதும் உண்டு. அதை விதைத்தது எறும்புதான் என்று ஊகித்ததில்தான் சறுக்கல்.

டெக்சாஸில் பணியாற்றிய எறும்பியலாளர் வீலர் காரணத்தை விளக்கினார். மழை ஈரத்தில் சேமிப்பு விதைகள் முளைவிட்டால் எறும்புகளுக்குப் பயனில்லை. வெளியே இழுத்துவந்து வட்டத்தின் ஓரக் குப்பையில் கொட்டுகின்றன. அங்கே சில வேர்பிடிக்கின்றன. பல புற்றுகளில் இந்தப் புல்லே கிடையாது. அங்குள்ள எறும்புகள் விதையைச் சுற்றுப்புறத்தில்தான் பொறுக்குகின்றன. புல் இருக்கும் புற்றை மட்டும் படமெடுத்தால் வயல்போலத்தான் தெரியும்!

விவசாயம் செய்யும் எறும்பு டெக்சாஸில் உண்மையிலேயே உண்டு. ஆனால் அது வேறு இனம். இலைவெட்டி எறும்பான அது, இலைத்துண்டுகளை மென்று அதன்மேல் பூஞ்சை வளர்த்து உண்கிறது.