வெள்ளைத் தட்டு விளையாட்டு இல்லை
கடல் நீரின் தெளிவை அளக்கத் தன்னார்வலர்கள் கயிற்றில் வெள்ளைத் தட்டைக் கட்டிக் கடலில் இறக்குவது சும்மா விளையாட்டு, செயற்கைக்கோளே போதும் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. அது சரியில்லை. அந்தத் தட்டின் பெயர் செக்கி தட்டு; 1865இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி மத்தியதரைக் கடலில் சோதித்தது. தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தை வைத்து நீரின் தெளிவைச் சொல்வார்கள். மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கடலின் நிறம் தெரியாது. கரையோரக் கலங்கல் நீரில் நுண்பாசியின் அளவையும் தவறாகக் கணித்துவிடும். நீரில் நேரடியாக எடுத்த அளவோடுதான் செயற்கைக்கோள் கணிப்பைச் சரிபார்க்கிறார்கள். ஆளுக்கு ஆள் பார்வை மாறும், உண்மைதான். அதற்காகத்தான் தட்டு மறையும் ஆழம், திரும்பத் தெரியும் ஆழம் இரண்டுக்கும் சராசரி எடுப்பது.

அப்புறம், ‘கிருஷ்ணகிரிக்காரனுக்குக் கடல் எதற்கு?’ என்ற கேள்வி. நம் கிருஷ்ணகிரி கேஆர்பி அணையைத் தாண்டும் தென்பெண்ணை ஆறு கடலூர் அருகே கடலில்தானே கலக்கிறது! அணை நீரிலும் இதே அளவை எடுக்கலாம். அதற்குக் கறுப்பு வெள்ளைத் தட்டு, 20 செ.மீ. விட்டம்.