சால்டெய்ர் வீடுகள் ஒற்றை அறைகள் அல்ல

அண்ணா, கீரிப்பாறை ரப்பர் தோட்ட லைன் வீடுகளைப் பற்றிச் சொல்லும்போது, "இங்கிலாந்தின் சால்டெய்ர் ஆலைத் தொழிலாளர் வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டிய ஒற்றை அறைகள்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. பின்சுவரைப் பகிர்ந்துகொண்டு, முன்பக்கம் மட்டுமே ஜன்னல் வைத்த அத்தகைய வீடுகள் பக்கத்து நகரமான பிராட்ஃபோர்டில் நிறைய இருந்தன. அந்த நெரிசலுக்கு மாற்றாகத்தான் ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட் 1851இல் சால்டெய்ர் என்ற ஆலைக் கிராமத்தைத் தொடங்கினார். லாக்வுட், மாசன் என்ற கட்டடக் கலைஞர்கள் மணற்கல்லில் இத்தாலியப் பாணியில் வடிவமைத்த இவ்வீடுகள் பக்கச்சுவரை மட்டுமே பகிர்கின்றன. பின்னால் சிறு முற்றம், அதில் தனிக் கழிப்பறை, வீட்டுக்கு வீடு தண்ணீர், எரிவாயு. மேற்பார்வையாளர்கள், மேலாளர்கள் போன்றவர்களுக்குப் பெரிய வீடுகள் கொடுத்தார்கள். அந்தப் பாகுபாட்டைத் தாராளமாக விமர்சியுங்கள். ஆனால் "அங்கேயும் இதே கதிதான்" என்று எழுதினால், நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு நல்ல வீடு மறுப்பவர்களுக்கு அதுவே சாக்காகிவிடும்.