அந்த ஐந்து மணி நேரம் குழந்தை யாரிடம் இருக்கிறது?

கோல்ஃபில் முன்னேறுவது எப்படி என்று நான் படித்ததிலும் பார்த்ததிலும் பெரும்பாலானவை ஒரு விஷயத்தைத் தொடுவதே இல்லை. வாரம் மூன்று நாள் ரேஞ்சுக்கு, அதாவது பந்து அடித்துப் பழகும் இடத்துக்குப் போங்கள், சனி ஞாயிறு 18 ஹோல், அதாவது முழு ஆட்டம் ஆடுங்கள், ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய் வார்ம் அப் பண்ணுங்கள் என்கிறார்கள். சரி. அந்த நேரத்தில் குழந்தைக்கு இட்லி ஊட்டுவது யார்?

என் மகளுக்கு ஐந்து வயது. அவளுக்கு இரண்டு வயதிருக்கும்போது அலுவலகத் தோழி ஒருத்தி என்னை சென்னை நந்தனத்தில் உள்ள காஸ்மோ கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப் போனாள். முதல் நாள் இருபது பந்து தரையோடு ஓடின. இருபத்தோராவது பந்து 7 அயர்ன் என்ற மட்டையின் நடு முகத்தில் பட்டு எழும்பியது, கையில் அதிர்வே தெரியவில்லை. அந்த ஒரு பந்துக்காகத்தான் இன்றுவரை போகிறேன்.

முதல் ஒன்றரை வருடம் எல்லோரையும் போல 18 ஹோல் ஆடினேன். ஆட்டம் மட்டும் நாலரை மணி நேரம். போக வர, ஆடி முடித்து ஒரு காபி எல்லாம் சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆகிவிடும். பத்தாவது ஹோலுக்கு மேல் என் மனசு அங்கே இருக்காது. சாப்பிட்டாளா, அத்தையைப் படுத்துகிறாளா என்று போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன், பந்தைக் குழிக்குள் உருட்டும் புட் அடிக்கக் குனியும்போது கூட அதே நினைப்பு. ஹேண்டிகேப் என்பது ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது. என்னுடையது 34இலிருந்து அசையவே இல்லை. வீட்டுக்கு வந்தால் வெயிலில் காய்ந்த அலுப்பில் குழந்தையோடு உட்காரவும் தெம்பு இருக்காது.

ஒரு நாள் கிளம்பும்போது அத்தை, “போயிட்டு வாம்மா, ஆனா எத்தனை மணிக்கு வருவேன்னு சொல்லிட்டுப் போ” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி வேறு. நான் எப்போது வருவேன் என்று தெரியாமலே ஒன்றரை வருடமாக அவர் ஓடியாடிக்கொண்டிருந்திருக்கிறார். அவரிடம் ஒரு தடவை கூட முறையாகக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து 9 ஹோல்தான். ஞாயிறு காலை முதல் வெளிச்சத்தில் முதல் பந்து, எட்டே முக்காலுக்கு வீடு. சனிக்கிழமை காலை கணவருக்கு பேட்மிண்டன், அப்போது குழந்தை என் பொறுப்பு. ஞாயிறு அவர் பொறுப்பு. அத்தைக்கு இரண்டு நாளும் விடுமுறை.

9 ஹோல் என்றால் பாதி ஆட்டம், அதை வைத்து முன்னேற முடியாது என்று நிறையப் பேர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 ஸ்கோர்களில் சிறந்த 8ஐத்தான் எடுக்கிறார்கள். 9 ஹோல் ஸ்கோரும் கணக்கில் சேரும். முன்பெல்லாம் அது இன்னொரு 9 ஹோலுக்காகக் காத்திருக்க வேண்டும். 2024இல் விதியை மாற்றி, மீதி ஒன்பதில் நம் அளவுக்கு என்ன எதிர்பார்க்கலாம் என்று கணக்கிட்டு உடனே 18 ஹோல் மதிப்பாக ஆக்கிவிடுகிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று குழந்தை வைத்திருப்பவர்களுக்குத்தான் புரியும்.

அப்புறம் வீட்டுப் பயிற்சி. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எங்கள் ஹாலில் இரண்டுக்கு இரண்டு டைல்ஸ், மூன்று டைல் தள்ளி நின்றால் சரியாக ஆறடி. வெறும் டைல்ஸில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும் என்பதால் மேலே பவானி ஜமக்காளத்தை விரித்துவிடுவேன். அதன் பட்டைக்கோடுதான் எனக்கு நேர்கோடு, பந்து கோட்டை விட்டு விலகினால் புட்டர் மட்டையின் முகம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் என் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரை உருளாமல் படுக்கவைத்துப் பிடித்துக்கொள்வாள். நிஜ ஹோல் நாலே கால் அங்குலம், டம்ளரின் வாய் மூன்று அங்குலம்தான் இருக்கும். டங்கென்று சத்தம் கேட்டால் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுப் பந்தை உருட்டி விடுவாள். இருபது எண்ணத் தெரியாமலிருந்தவள் இதில்தான் எண்ணப் பழகினாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், அவ்வளவுதான்.

தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடி புட்டில் பாதியைத்தான் உள்ளே போடுகிறார்கள். இது தெரிந்த பிறகு எட்டடி தவறினால் நான் வருத்தப்படுவதில்லை, மூன்றடியைத் தவறவிட்டால்தான் அடுத்த நாள் ஜமக்காளத்தை விரிக்கிறேன்.

புட்டிங் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான ஷாட்களை வைத்துக் காட்டியது வேறு. நல்ல ஆட்டக்காரரையும் சுமாரானவரையும் அதிகம் பிரிப்பது 100 யார்டுக்கு வெளியிலிருந்து அடிக்கும் ஷாட்கள்தான். அதனால் புதன்கிழமை அலுவலகம் போகும் வழியில் ரேஞ்சில் 50 பந்து அடிக்கிறேன், பெரும்பாலும் 7 அயர்ன். தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை எடுத்தால் ஆசை அடங்காது, நேரம் போய்விடும். பத்து மாதத்தில் 34 ஆக இருந்த ஹேண்டிகேப் 27க்கு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் நால்வர் குழுவில் மற்ற மூவரும் ஆண்கள், மூவருக்கும் சின்னக் குழந்தைகள். “பாப்பாவை யார் பாத்துக்கிறாங்க?” என்று என்னிடம் மட்டும்தான் கேட்கிறார்கள். பையைத் தூக்கி வரும் கேடி அண்ணன் கூடக் கேட்டிருக்கிறார், அக்கறையில்தான். அவர்களை யாரும் கேட்டதில்லை. அது தப்பான கேள்வி இல்லை, எல்லா அப்பாக்களிடமும் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்றுதான் சொல்கிறேன். 1999 யுஎஸ் ஓப்பனில் மனைவிக்கு வலி வந்தால் ஆட்டத்தை அப்படியே விட்டுப் போகத் தயாராக, பேஜரைக் கையோடு வைத்துக்கொண்டு ஆடினார் அமெரிக்க ஆட்டக்காரர் பில் மிக்கல்சன். பெய்ன் ஸ்டீவர்ட்டிடம் ஒரே ஸ்ட்ரோக்கில், அதாவது ஒரே அடி வித்தியாசத்தில் தோற்றார். மறுநாள் மகள் பிறந்தாள். அவ்வளவு பெரிய போட்டியிலேயே ஒருவர் கிளம்பத் தயாராக இருந்தார் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் சொன்ன நேரத்துக்குக் கிளம்ப நமக்கு என்ன தடை?

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நம் நாட்டு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் ஒரே ஸ்ட்ரோக்கில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தபோது அவருக்கு கேடியாக நடந்தது அவருடைய அம்மா. அதற்கு முந்தைய ரியோவில் அப்பா. அதைப் பார்த்ததிலிருந்து குழந்தை ஒரு பக்கம், கோல்ஃப் ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு 9 ஹோலை 44 அடிகளில் முடித்தேன். என் வாழ்நாளிலேயே சிறந்த ஸ்கோர். “இன்னிக்கு விட்டுட்டுப் போகாதீங்க மேடம், 90க்குள்ள முடிச்சிடலாம்” என்று மூவரும் சொன்னார்கள். கேடி அண்ணனும் பத்தாவது ஹோல் தொடங்கும் பக்கம் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. மணி எட்டு இருபது. அண்ணனைக் கூப்பிட்டுப் பையை வாங்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தேன்.

வீட்டில் ஜமக்காளம் ஏற்கெனவே விரித்திருந்தது. டம்ளரும் அவள் கையில் தயாராக இருந்தது.