வருடாவருடம் கட் அண்ட் பாலிஷ் வேண்டாம்

தீபாவளியும் சித்திரைப் புத்தாண்டும் நெருங்கினால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை எங்கும் சர்வீஸ் ஸ்டேஷன்களில் கட் அண்ட் பாலிஷுக்கு, அதாவது பெயின்ட்டின் மேற்பரப்பை மெஷினால் தேய்த்து மினுக்குவதற்கு, வாகனங்கள் வரிசையில் நிற்கும். பளபளவென்று வெளியே வந்த வாகனம் சில மாதத்தில் மங்கிவிடும். அடுத்த வருடம் மறுபடியும் அதே வேலை. மலைநாட்டில் பெயின்ட் சீக்கிரம் சாவதற்கு மழையைவிட இந்தப் பழக்கம்தான் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

கம்பனி பெயின்ட்டின் மேலே இருக்கும் கிளியர்கோட் என்ற நிறமில்லாத பாதுகாப்புப் படலம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன். தலைமுடியைவிட மெல்லியது. கம்பளி பேட் போட்ட ரோட்டரி மெஷினில் (ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் மெஷின்) கரடான கம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை வைத்துத் தேய்த்தால் ஒரே தடவையில் 3, 4 மைக்ரோன் போய்விடும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் இன்னும் கூடப் போகும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் அந்தக் கிளியர்கோட்டுக்குள்தான் இருக்கிறது. அது மெலிந்தால் அடியிலுள்ள நிறம் வெளுத்து, பொனட்டும் கூரையும் வெள்ளை வெள்ளையாக உரியத் தொடங்கும். உரிந்ததை எந்தப் பாலிஷும் திருப்பித் தராது. புதுப் பெயின்ட் அடிக்கப் பெயின்ட் பாஸிடம்தான் போக வேண்டும்.

"நம்ம ஊர் குளிர்தானே, வெயில் என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1,000 மீற்றர் உயர உயர, புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. காற்று குளிர்ந்தாலும் கதிர் குறையாது. 2020 இல் வாகன இறக்குமதி நின்று, 2025 இல் திரும்பத் திறந்தபோது விலை எங்கே நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். இருக்கிற வேகன் ஆரோ விட்ஸோ இன்னும் பல வருடம் ஓட வேண்டும்.

சரி, கீறல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் காலையில் பனி படிந்த பொனட்டைப் பழைய துணியால் துடைப்பதில் இருந்து. வேன், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் தினமும் செய்வது இது. இரவு படிந்த தூசி பனியில் ஊறி நிற்கும். அந்த மண்ணில் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது, கிளியர்கோட்டைவிடப் பலமடங்கு கடினமானது. துணி அதை வட்டம் வட்டமாக இழுக்கும். வெயிலில் தெரியும் சிலந்தி வலைக் கீறல் அதுதான். கண்ணாடியையும் விளக்கையும் துடையுங்கள், பாடியைத் தொடாதீர்கள். பூசை போட்ட பிறகு காய்ந்த சந்தனத்தையும் விபூதியையும் உலர்ந்த துணியால் சுரண்டுவதும் இதே சேதம்தான். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுக் கழுவுங்கள்.

நம் பீலித் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு, யாழ்ப்பாணத்தில்போல வெள்ளைக் கறை விழாது. ஆனால் மழைக்குப் பிறகு நுண்மணல் கலந்து வரும். வாளியில் பிடித்து அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். இரண்டு 10 லீற்றர் வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பில் நனைத்துக் கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் போட வேண்டும். சட்டி கழுவும் சோப் பழைய வேக்ஸை எடுத்துவிடும். பாலிஷுக்கு முதல் ஒருமுறை பாவிக்கலாம், வழமையாக வேண்டாம்.

கழுவியபின் கையில் மெல்லிய ஷொப்பிங் பேக்கை மாட்டிக்கொண்டு பெயின்ட்டின் மேல் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் தார்ப்புள்ளி, பிரேக் தூள், பைன் பிசின் என்று ஏதோ ஒட்டியிருக்கிறது. தாருக்கு டார் ரிமூவர் போதும். மண்ணெண்ணெயும் கரைக்கும், ஆனால் எண்ணெய்ப் படலம் விடும், திரும்பக் கழுவ வேண்டும். மிச்சத்துக்குக் கிளே பார், ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற மென்மையான கட்டி. சோப்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல், நேர்கோட்டில் ஓட்டுங்கள். அழுக்கானதும் மடித்துப் புது முகம் எடுங்கள். கீழே விழுந்த துண்டை எடுத்துப் பாவிக்காதீர்கள், எறிந்துவிடுங்கள்.

இனிப் பாலிஷ். ரோட்டரி வேண்டாம், ட்ரில்லில் பேட் மாட்டவும் வேண்டாம். 5 அங்குல பேட் போடும் டூவல் ஆக்ஷன் மெஷின், அதாவது பேட் சுழன்றுகொண்டே அசையும் மெஷின், வீட்டு வேலைக்குப் பாதுகாப்பானது. கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர், கூர்மையான ஓரம் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பொனட்டில் 50 சென்றிமீற்றர் சதுரம் ஒன்றில் முதலில் மென்மையான பேட், மென்மையான பாலிஷ். பட்டாணி அளவில் நான்கு சொட்டு போதும். 1 ஆம் வேகத்தில் பரப்பி, 4 அல்லது 5 க்கு ஏற்றி, கையைச் செக்கனுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் நகர்த்துங்கள். முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக, ஒரு கோடு மற்றதைப் பாதி மூடும்படி நான்கு தடவை. துடைத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். போதுமென்றால் அதே பேட், அதே பாலிஷில் முழு வாகனமும். போதாவிட்டால் மட்டும் ஒரு படி கடுமையான பேட். நகம் மாட்டுகிற கீறலை விட்டுவிடுங்கள், அதைத் துரத்தினால் கிளியர்கோட் ஓட்டையாகும்.

பஃபர் (பம்பர்) பிளாஸ்டிக், சூடு தகரத்தில்போலப் பரவாது. அங்கே வேகத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் நிற்காதீர்கள். துணியில் வாகனத்தின் நிறமே வந்தால் அதில் கிளியர்கோட் இல்லை. பழைய மொரிஸ் மைனர் போன்றவற்றில் இப்படி வரும். அப்போது கையாலேயே மெதுவாகச் செய்வது நல்லது. டிங்கரிங் செய்து புதுப் பெயின்ட் அடித்த பகுதிக்கு இரண்டு மாதமாவது வேக்ஸும் சீலன்ட்டும் (பெயின்ட்டைக் காக்க மேலே பூசும் பூச்சுகள்) வேண்டாம். உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வேண்டும், குளிர் ஊரில் அது இன்னும் மெதுவாக நடக்கும்.

பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைக்கும், சீலன்ட்டையும் ஒட்டவிடாது. 70 சதவீத ஐசோபுரோபைல் அல்கஹோல் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து தெளித்துத் துடைத்துவிடுங்கள். பிறகு பொலிமர் சீலன்ட். சின்னக் காருக்கு 30 மில்லிலீற்றருக்கு மேல் தேவையில்லை. தடிப்பாகப் பூசினால் கோடு கோடாக நிற்கும், வேறு பயனில்லை. விரலால் இழுத்துப் பார்த்து, தெளிவாக விலகினால் துடைக்கலாம்.

நம் பக்கம் அதிகம் பிழைப்பது இந்த இடத்தில்தான். பின்னேரம் மூடுபனி இறங்கும் நேரத்தில் சீலன்ட் பூசுகிறார்கள். ஈரம் படிந்தால் அது சரியாகப் பிடிக்காது, மங்கலாக நிற்கும். முதல் நாள் கழுவிப் பாலிஷ் போடுங்கள். மறுநாள் காலை 10 மணிக்குப் பிறகு, பனி நன்றாகக் காய்ந்ததும், அல்கஹோலால் துடைத்து நிழலில் பூசுங்கள். அடுத்த 12 மணி நேரம் நனையக்கூடாது, ஆகவே கூரையுள்ள இடம் கட்டாயம். செரமிக் கோட்டிங் இன்னும் கடினம்: 15 பாகைக்குக் குறையாத வெப்பம், குறைந்த ஈரப்பதன், ஒரு முழு நாள் உலர்வு வேண்டும். மூடிய கராஜ் இல்லாமல் நுவரெலியாவில் வீட்டில் அதைச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எப்போது என்றால், ஹட்டன், நுவரெலியா, மஸ்கெலியா பக்கம் மே மாதப் பருவமழைக்கு முதல், பெப்ரவரி, மார்ச்சில். பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் வருடக் கடைசி மழைக்கு முதல், ஓகஸ்ட், செப்டெம்பரில். நல்ல பொலிமர் சீலன்ட் நான்கு முதல் ஆறு மாதம் நிற்கும். பொனட்டில் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் தட்டையாகப் பரவினால் கழுவி, காயவைத்து, சீலன்ட் மட்டும் மறுபடி பூசுங்கள். மெஷினை வெளியே எடுக்கத் தேவையில்லை.