"இது பாட்டனி இல்லையேம்மா?"

அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில வருஷா வருஷம் இதே கூத்துதான். அறிவிக்கையில "பி.எஸ்சி. தாவரவியல்"னு போட்டிருக்கு. பொண்ணு கையில இருக்கிற பட்டத்துல "பி.எஸ்சி. பிளான்ட் பயாலஜி அண்ட் பிளான்ட் பயோடெக்னாலஜி"னு இருக்கு. மேசைக்காரர் அறிவிக்கையைப் பார்க்கிறார். பட்டத்தைப் பார்க்கிறார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டு மறுபடி அறிவிக்கை. அப்புறம் விரலை "பிளான்ட்"மேல வச்சு ஒரு அமுக்கு. "இது பாட்டனி இல்லையேம்மா?"

இல்லையா! பாசி, பூஞ்சை, பிரையோஃபைட்டா, பெரணி, ஜிம்னோஸ்பெர்ம், ஹெர்பேரியம் ஷீட்டு ஒட்டினது, தண்டைப் பிளேடால சீவி சாஃப்ரனின் சாயம் ஊத்தி மைக்ரோஸ்கோப்புல பார்த்தது, இதெல்லாம் பின்ன என்ன, கோழிப்பண்ணை வேலையா? மார்க் ஷீட்டை நீட்டுறா, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல. "ஜி.ஓ. இருக்கா?"

அதாவது, இந்தப் பட்டமும் அந்தப் பட்டமும் சமம்னு உயர்கல்வித் துறை போட்ட இணைத்தன்மை அரசாணை. அதுவும் சும்மா இருந்தாப் போதாது சாமி. அதே பல்கலைக்கழகம், அதே பட்டப் பேரு, எந்தப் பட்டத்துக்கு இணைங்கிறது எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். அரசாணைத் தேதி அறிவிக்கைத் தேதிக்கு முன்னாடி இருக்கணும். மறுநாள் வந்த ஆணைன்னா ஃப்ரேம் போட்டு மாட்டிக்கலாம்.

பேரை மாத்தினது யாரு? "பாட்டனி"னு போட்டா சீட்டு நிரம்ப மாட்டேங்குது, "பயோடெக்"னு வால் ஒட்டினா நிரம்புது. ஒட்டினவங்க இணைத்தன்மைக்கு அன்னைக்கே எழுதிப் போட்டிருக்கணும். பட்டங்களோட பேரை யுஜிசி 2014ல அரசிதழ்லயே பட்டியல் போட்டு வச்சிருக்கு. பி.எஸ்சி.க்குப் பின்னாடி ஒட்டுற வாலை யார் அளந்து பார்க்கிறது?

வணிகவியல் இதுக்கும் மேல. பி.காம். சி.ஏ.ன்னா கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்; சொந்தக்காரங்களுக்கோ வீட்டுல ஆடிட்டர் ரெடி. பி.காம். சி.எஸ்.ன்னா கார்ப்பரேட் செகரட்டரிஷிப். அதை கம்ப்யூட்டர் சயின்ஸ்னு நினைச்சு சேருற பிள்ளைங்களும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ., ஐ.டி. பி.டெக்., ரெண்டும் நாலு வருஷம். விண்ணப்பத்துல எதையாவது ஒண்ணை மட்டும் வச்சிட்டு இன்னொண்ணுக்கு "மற்றவை"னு ஒரு கட்டம். பொறியியல் படிச்சவன் "மற்றவை"!

அட்மிஷன் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி கல்லூரி ஆபீஸ்ல ஒரே கேள்வி கேளுங்க: "இந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை எண், தேதி என்ன?" "அதெல்லாம் வந்துடும்"னு சொன்னா வரலைன்னு அர்த்தம். இருந்தா அந்த பிடிஎஃப்பை இன்னைக்கே இறக்கி வச்சுக்கோங்க. அறிவிக்கை வந்த வாரம் சைட்டு திறக்காது.

சரி, எல்லாம் இருக்குன்னே வைங்க. ஆன்லைன் விண்ணப்பத்துல கையெழுத்தை 10லேர்ந்து 20 கேபிக்குள்ள ஏத்தணுமாம். இருபத்தொண்ணுன்னா தள்ளிடுது, ஒன்பதுன்னாலும் தள்ளிடுது. அந்த மெஷினுக்கு யாருய்யா டிகிரி கொடுத்தது?