முதல் இரண்டு மீட்டர் போதுமா?

நெய்யாத துணியில், அதாவது நூலை நெய்யாமல் பிளாஸ்டிக் இழைகளை அழுத்தி ஒட்டிச் செய்யும் துணியில், அச்சடிக்கும்போது முதல் இரண்டு மீட்டரை மட்டும் பார்த்து, "சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்களே, அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இது காகிதம் இல்லை, இழுத்தால் நீளும் துணி. சுருள் இளைக்க இளைக்க இழுவிசை மாறும். சிவப்பும் நீலமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். நேற்று சுருளின் நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன். எழுத்தின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு வெள்ளைக் கோடு. கையெழுத்துப் போட்ட மாதிரியில் அது இல்லவே இல்லை!

மை ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அதைவிடக் கொடுமை. இந்தத் துணியின் இழை பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்; அது இயல்பிலேயே மையை எளிதில் ஏற்காது. அதற்காகத்தான் கொரோனா பதனம் செய்கிறோம், அதாவது மேற்பரப்பில் மின்சாரம் பாய்ச்சி மை பிடிக்கும்படி மாற்றுகிறோம். துணி கிடங்கில் கிடக்கக் கிடக்க அந்தப் பதனமும் வலுவிழக்கும். ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று உரித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? நான் உரித்தபோது, துணியில் அழுந்திய சின்னப் புள்ளிகளின் மேலிருந்த நீலம் அப்படியே நாடாவோடு வந்துவிட்டது. அதற்குள் முழுச் சுருளும் ஓடி முடிந்திருந்தது. இனி அதை யார் பிரித்துப் பார்ப்பது?